தொண்ணூறு ஆட்டோமேஷன்கள் சேர்ந்த வீட்டை எப்படி ஒழுங்குபடுத்துவது?

வீட்டில் மூன்று ஆண்டுகளாக, விளக்கு, மோட்டார் போன்றவற்றைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது. “இது நடந்தால் அதைச் செய்” என்று அதற்கு எழுதிக்கொடுக்கும் ஆட்டோமேஷன்கள் தொண்ணூறைத் தாண்டிவிட்டன. கூடத்து விளக்கு ஏன் தானாக அணைந்தது என்று வீட்டில் கேட்டால், பதில் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. இவற்றை அறைவாரியாகப் பிரித்து வைப்பதா, வேலைவாரியாகப் பிரித்து வைப்பதா, அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா என்பது கேள்வி.

அழிக்க வேண்டாம். அந்தத் தொண்ணூறில் ஒவ்வொன்றிலும், என்றோ ஒரு நாள் பட்டுத் தெரிந்துகொண்ட விவரம் ஏதாவது ஒளிந்திருக்கும். அழித்துவிட்டால் அதே விவரத்தை மறுபடியும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அறைவாரியா வேலைவாரியா என்பதற்கும் பதில் உண்டு, ஆனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்வோம். மதுரையில் என் வீட்டில் ஒரு கட்டத்தில் 112 ஆட்டோமேஷன்கள் இருந்தன. நானும் முதலில் அடுக்கும் வேலையில்தான் இறங்கினேன். இரண்டு வார இறுதிகளைச் செலவழித்து, எல்லாவற்றுக்கும் ஒரே பாணியில் பெயர் வைத்து, வகை பிரித்து முடித்தேன். பட்டியல் பார்க்க அழகாக இருந்தது. கூடத்து விளக்கு மட்டும் பழையபடியே நினைத்தபோது அணைந்துகொண்டிருந்தது.

காரணத்தைத் தேடியபோது, அந்த ஒரு விளக்கை ஏழு ஆட்டோமேஷன்கள் தொடுவது தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் ஏற்றுவது ஒன்று, ஆள் நடமாட்டம் கண்டால் ஏற்றுவது ஒன்று, ஐந்து நிமிடம் நடமாட்டம் இல்லையென்றால் அணைப்பது ஒன்று, தொலைக்காட்சி ஓடினால் மங்கலாக்குவது ஒன்று, இரவு பத்தரைக்கு எல்லாவற்றையும் அணைப்பது ஒன்று, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் அணைப்பது ஒன்று, உறவினர் வந்து தங்கும்போது இவை எதையும் செய்யவிடாமல் தடுப்பது ஒன்று. தனித்தனியே பார்த்தால் ஏழும் சரி. ஆனால் நடமாட்டத்தைக் காண வைத்த பி.ஐ.ஆர். வகை உணரிக்கு அசையும் உடல் வெப்பம் மட்டுமே தெரியும். நாற்காலியில் அசையாமல் அமர்ந்து படிப்பவர் அதன் கணக்கில் இல்லாதவர். ஆகவே அம்மா நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணையும். நாளிதழை மடித்துத் தலைக்கு மேல் இரண்டு முறை ஆட்டினால் மீண்டும் எரியும் என்று அவர் தாமாகவே கற்றுக்கொண்டு, என்னிடம் புகார் சொல்வதையும் நிறுத்தியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான், குறை பெயரிலோ கோப்பிலோ இல்லை, ஒரே பொருளுக்கு ஏழு பேர் ஆணையிடுவதில் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

ஆகவே நான் முதலில் சொல்லும் யோசனை இது: ஒரு பொருளை இயக்கவும் நிறுத்தவும் ஒரே ஓர் ஆட்டோமேஷனுக்கு மட்டுமே உரிமை இருக்கட்டும். கூடத்து விளக்குக்கு ஒன்று, படுக்கையறை ஏ.சி.க்கு ஒன்று, தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று. அந்த ஒன்றுக்கு எத்தனை ட்ரிகர்கள், அதாவது தூண்டும் நிகழ்வுகள், வேண்டுமானாலும் இருக்கலாம். பொழுது சாய்வது, ஆள் வருவது, தொலைக்காட்சி ஓடுவது, கதவு பூட்டப்படுவது எல்லாம் அதற்குள்ளேயே வரட்டும். ஒவ்வொரு ட்ரிகருக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுக்க ஹோம் அசிஸ்டன்டில் வசதி உண்டு. எது தூண்டியது என்பதைப் பார்த்து வேறு வேறு கிளைகளுக்குப் போகலாம். ஆயினும் கிளைகளை ட்ரிகரின் பெயரால் பிரிப்பதைக் காட்டிலும், எது தூண்டினாலும் “இந்த நொடியில் இந்த விளக்கு எரிய வேண்டுமா?” என்ற ஒரே கேள்வியை முதலிலிருந்து கேட்கும்படி எழுதுவதே உறுதியான வழி என்பது என் அனுபவம். அப்படி எழுதினால் எந்தத் தூண்டுதல் முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்ற குழப்பத்துக்கே இடமில்லை. ஒன்று தவறிப்போனாலும் அடுத்தது வந்ததும் விளக்கு தன் சரியான நிலைக்குத் திரும்பிவிடும்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வீட்டின் நிலவரம் தெரிய வேண்டும். இங்கேதான் இரண்டாவது குழப்பம் பிறக்கிறது. “வீட்டில் ஆள் இருக்கிறார்களா”, “இருட்டிவிட்டதா”, “எல்லோரும் உறங்கிவிட்டார்களா” என்பவற்றை ஒவ்வோர் ஆட்டோமேஷனும் தன் போக்கில் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். ஒன்றில் இருட்டு என்பது சூரிய அஸ்தமனம், மற்றொன்றில் மாலை ஆறரை மணி, இன்னொன்றில் ஒளி உணரியின் அளவு. இவற்றை ஆட்டோமேஷன்களிலிருந்து பிடுங்கி, ஒவ்வொன்றையும் ஒரு டெம்ப்ளேட் உணரியாக, அதாவது பிற தகவல்களிலிருந்து கணக்கிடப்படும் மென்பொருள் உணரியாக, ஒரே இடத்தில் வரையறுத்துவிட வேண்டும். அதன்பின் எந்த ஆட்டோமேஷனும் சூரியனையோ கைப்பேசியின் இருப்பிடத்தையோ நேரடியாகப் பார்க்கக் கூடாது. “இருட்டு” என்ற உணரியையும் “வீட்டில் ஆள்” என்ற உணரியையும் மட்டுமே பார்க்க வேண்டும். மதுரையில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதிலும் ஒரு மணி நேரத்துக்குள்தான் ஏறி இறங்குகிறது, ஆகவே கடிகாரமே போதும் என்று நான் முதலில் நினைத்திருந்தேன். ஐப்பசி மழையில் பகல் நான்கு மணிக்கே கூடம் இருண்டபோது அந்த நினைப்பு மாறியது. ஜன்னலோரம் ஓர் ஒளி உணரி வைத்து, “இருட்டு” என்பதன் வரையறையை ஓரிடத்தில் திருத்தினேன். பதினொரு ஆட்டோமேஷன்கள் அன்றே திருந்தின.

கூடத்தில் ஆள் இருப்பதற்கும் இப்படியே. நடமாட்ட உணரி, தொலைக்காட்சி ஓடுகிறதா என்பது, நாற்காலி இருக்கும் மூலையைப் பார்க்கும் மில்லிமீட்டர் அலை ரேடார் உணரி ஆகிய மூன்றையும் சேர்த்து “கூடத்தில் ஆள்” என்று ஓர் உணரி செய்தேன். மூன்றும் இல்லை என்று சொன்ன பின்பும் பத்து நிமிடம் பொறுத்தே அணையும்படி அதற்குள்ளேயே தாமதம் வைத்தேன். டெம்ப்ளேட் வகை இருநிலை உணரிகளில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனியே தாமதம் கொடுக்கலாம். ரேடார் உணரி அமைதியாக அமர்ந்திருப்பவரின் மூச்சசைவைக்கூடக் கண்டுகொள்ளும். ஆனால் நம் வீடுகளில் கூரை மின்விசிறி சுழல்வதையும் அது ஆள் என்றே எண்ணிக்கொள்ளும் என்பதால், பொருத்தும் கோணத்தையும் தூர எல்லையையும் சரிசெய்யச் சிறிது நாள் பொறுமை வேண்டும். நாளிதழ் இப்போது படிப்பதற்கு மட்டும் பயன்படுகிறது.

இந்த இடத்தில் பலரும் ஒரு படி மேலே போய், “வீட்டு நிலை” என்று ஒரு தேர்வுப் பட்டியலை உண்டாக்கி அதில் “வீட்டில்”, “வெளியே”, “உறக்கம்”, “விருந்தினர்”, “விடுமுறை” என்று வரிசையாகச் சேர்த்துவிடுகிறார்கள். நானும் செய்தேன், அது தவறு. பட்டியலில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். விருந்தினரும் இருக்கிறார், எல்லோரும் உறங்கவும் போய்விட்டார்கள் என்றால் எதைத் தேர்வது? “விருந்தினர் உறக்கம்” என்று புதிதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றும். அப்படித் தோன்றினாலே பட்டியல் உடைந்துவிட்டது என்று பொருள். ஒன்றையொன்று சாராத நிலைகளைத் தனித்தனி இன்புட் பூலியனாகவே, அதாவது ஆம், இல்லை என்ற இரண்டு நிலை மட்டும் உள்ள மென்பொருள் சுவிட்சாகவே, வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் உறக்கம், விருந்தினர், ஊரில் இல்லை என்று மூன்றே மூன்று இருக்கின்றன. நான்காவது ஒன்று தேவைப்பட்டதில்லை.

இனி மோட்டார் கதை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் விளக்கில் பிழை வந்தால் எரிச்சலோடு போகும், மோட்டாரில் பிழை வந்தால் பணமும் தண்ணீரும் போகும். மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தால் சம்ப்பிலிருந்து ஏற்ற ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இயக்கி, தொட்டி நிறையும்வரை அல்லது 20 நிமிடம்வரை காத்திருந்து, பின்பு நிறுத்த வேண்டும் என்று ஓர் ஆட்டோமேஷன் எழுதியிருந்தேன். எட்டு மாதங்கள் குறையே இல்லாமல் ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனியாமல் ஹோம் அசிஸ்டன்டைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்தேன். ஆட்டோமேஷனுக்குள் நடந்துகொண்டிருக்கும் காத்திருப்பு எதுவும் மறுதொடக்கத்தைத் தாண்டி உயிரோடு இருக்காது. “இந்த நிலை இத்தனை நிமிடம் நீடித்தால்” என்று ட்ரிகரில் எழுதும் கால அளவும் அப்படியே. மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று நினைவு வைத்திருந்த ஒரே ஆள் நினைவிழந்துவிட்டார்; மோட்டாருக்கு அது தெரியாது. தொட்டி வழிந்து, அண்டை வீட்டுச் சுவர் நனைந்து, சம்ப் வற்றி, மோட்டார் வெறுமனே ஓடி, சீல் போயிற்று. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, “ஆட்டோமேட்டிக்கா சார்?” என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் அமைத்தது இது. ஹோம் அசிஸ்டன்ட் இயக்கும் மின் சுவிட்சான ரிலே நேரடியாக மோட்டாரைச் சுமக்காது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு என்பதால், ரிலே ஒரு கான்டாக்டரின், அதாவது பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்த சுவிட்சின், சுருளை மட்டும் இயக்குகிறது. தொட்டியில் தொங்கும் மிதவை சுவிட்ச் அதே சுருளோடு தொடராக இணைக்கப்பட்டிருக்கிறது. தொட்டி நிறைந்தால் எந்த மென்பொருள் என்ன சொன்னாலும் மோட்டார் நின்றுவிடும். சம்ப்பிலும் அப்படியே ஒரு மிதவை, வற்றினால் துண்டிப்பதற்கு. அடுத்ததாக, டஸ்மோட்டா என்ற உள்மென்பொருள் ஓடும் ரிலேயிலேயே பல்ஸ்டைம் என்ற அமைப்பை 1300 என்று வைத்தேன். அதில் 112-க்கு மேற்பட்ட எண்களில் 100-ஐக் கழித்தால் கிடைப்பது நொடிக் கணக்கு. ஆக 1200 நொடி, அதாவது 20 நிமிடம் ஆனதும் ரிலே யாரையும் கேட்காமல் தானே அணைந்துகொள்ளும். மின்சாரம் போய் வந்தால் ரிலே எந்த நிலையில் எழ வேண்டும் என்பதற்கான பவர்ஆன்ஸ்டேட் அமைப்பை 0 என்று வைத்தேன். எழும்போது அணைந்தே எழும். வேறு நிறுவனங்களின் ரிலேக்களிலும் ஜிக்பி என்ற கம்பியில்லா முறையில் இயங்கும் பிளக்குகளிலும் பெரும்பாலும் இந்த இரண்டும் வேறு பெயர்களில் இருக்கின்றன. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஹோம் அசிஸ்டன்டுக்கு மிஞ்சிய வேலை, எப்போது தொடங்குவது என்று தீர்மானிப்பது மட்டும்தான். நிறுத்துவதையும் அது செய்கிறது, ஆனால் அது செய்யாவிட்டாலும் குடி முழுகாது. தண்ணீர், வெப்பம், பூட்டு ஆகிய மூன்றில் ஒன்றைத் தொடும் எதையும் இந்த அளவுகோலால் பாருங்கள்: மைய மென்பொருள் இந்த நொடியில் நின்றுபோனால் பொருள் தானாகவே பாதுகாப்பான நிலைக்குப் போகுமா? கீசருக்கும் இதே கேள்விதான். போகாது என்றால், எத்தனை அழகாக எழுதியிருந்தாலும் அந்த ஆட்டோமேஷன் வீட்டில் இருக்கத் தகுதியற்றது.

நீண்ட காத்திருப்பு வேண்டிய பிற இடங்களில், ஆட்டோமேஷனுக்குள் தாமதம் எழுதுவதை விட்டுவிட்டு ஹோம் அசிஸ்டன்டில் தனியாக உருவாக்கிக்கொள்ளும் டைமர் உதவியாளரைப் பயன்படுத்துங்கள். மறுதொடக்கத்துக்குப் பின் மீட்டுக்கொள்ளும் தேர்வை அதில் இயக்கி வைத்தால், இடையில் ஹோம் அசிஸ்டன்ட் நின்றிருந்த நேரத்திலேயே கெடு முடிந்திருந்தாலும், எழுந்தவுடன் “முடிந்தது” என்ற நிகழ்வை அது அறிவிக்கும். ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட எந்தத் தாமதமும் டைமராக வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி.

மின்தடை பற்றியும் சொல்லியாக வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் இருக்கும் ரௌட்டரும் ஹோம் அசிஸ்டன்டும் ஓடும், இன்வெர்ட்டரில் இல்லாத பல்புகளும் பிளக்குகளும் “கிடைக்கவில்லை” என்ற நிலைக்குப் போகும், கரண்ட் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். “கதவு திறந்த நிலைக்கு மாறினால்” என்று மட்டும் எழுதப்பட்ட ட்ரிகருக்கு, மூடிய கதவு திறப்பதும், காணாமல்போன உணரி திறந்த நிலையில் திரும்பி வருவதும் ஒன்றேதான். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து, வீட்டின் பாதி விளக்குகள் ஒருசேர எரிந்து, கதவு திறந்திருப்பதாகக் கைப்பேசி அலறியதற்கு வேறு காரணம் ஏதுமில்லை. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு என்று இரண்டையும் எழுதிவிட்டால் இது போய்விடும். தொண்ணூறையும் ஒரு மாலைப் பொழுதில் இதற்காக மட்டும் சலித்துப் பார்ப்பது வீண்போகாது.

ஒவ்வோர் ஆட்டோமேஷனுக்கும் ஓடும் முறை என்று ஓர் அமைப்பு உண்டு. பலர் அதைத் தொடுவதேயில்லை. தொடாவிட்டால் அது சிங்கிள், அதாவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக வரும் தூண்டுதல் தூக்கி எறியப்படும். நான் மேலே சொன்னபடி ஒரு பொருளுக்கு ஓர் ஆட்டோமேஷன் என்று மாற்றும்போது பெரும்பாலும் ரீஸ்டார்ட் முறைதான் வேண்டும். புதிய தூண்டுதல் வந்தால் பழைய ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் புதிய நிலவரத்தோடு முதலிலிருந்து கணக்கிடட்டும். அறிவிப்பு அனுப்புவது போன்றவற்றுக்கு வரிசையில் நிற்கும் க்யூடு முறை பொருந்தும். பல ஓட்டங்களை ஒரே நேரத்தில் விடும் பேரலல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

இப்போது அறைவாரியா வேலைவாரியா என்ற கேள்விக்கு வரலாம். பவுலஸ் ஸ்கவுட்சன் 2013-ல் ஹோம் அசிஸ்டன்டைத் தொடங்கிய பின்னான முதல் சில ஆண்டுகளில் எல்லாம் உரைக்கோப்பில்தான் எழுதப்பட்டன என்பதால், கோப்புகளை எப்படிப் பிரிப்பது என்பது அன்று பெரிய விவாதமாக இருந்தது. இன்று திரையிலேயே உருவாக்குபவர்களுக்கு அந்த விவாதத்தின் பெரும்பகுதி காலாவதி. 2024 ஏப்ரல் வெளியீட்டில் வீட்டின் தளங்கள் (மாடிகள்), லேபிள்கள், கேட்டகரிகள் ஆகிய மூன்றும் வந்துவிட்டன. அறை என்பது பொருளின் இயல்பு, ஆகவே அதை ஏரியாவாகப் பொருளின்மேல் வையுங்கள். வேலை என்பது ஆட்டோமேஷனின் இயல்பு, ஆகவே கேட்டகரியை வேலையின் பெயரால் வையுங்கள்: தண்ணீர், விளக்கு, குளிர்ச்சி, பாதுகாப்பு, அறிவிப்பு. ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். லேபிளில் மட்டும் ஓர் எச்சரிக்கை: லேபிளையே இலக்காகக் கொண்டு “இந்த லேபிள் உள்ள எல்லாவற்றையும் அணை” என்று எழுதலாம், வசதிதான், ஆனால் ஒரு வருடம் கழித்து வேறு காரணத்துக்காக அதே லேபிளைக் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்குக்கு ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யாமல் என்ற உரைக்கோப்பு வடிவில் எழுதுபவராக இருந்தால் பேக்கேஜ் முறையே சிறந்தது. தண்ணீர் தொடர்பான உணரி, உதவியாளர், ஸ்கிரிப்ட் (அழைத்தால் ஓடும் கட்டளைத் தொகுப்பு), ஆட்டோமேஷன் எல்லாம் தண்ணீர் என்ற ஒரே கோப்பில் இருக்கும். அதற்கு விலை, அவற்றைத் திரையில் திருத்த முடியாது என்பது. வீட்டில் வேறு எவருக்கும் யாமல் தெரியாது என்றால் அந்த விலை சற்று அதிகம். கோப்பில் எழுதும்போது ஒவ்வோர் ஆட்டோமேஷனுக்கும் தனி ஐடி கொடுக்க மறக்காதீர்கள்; அது இல்லையென்றால் பின்னால் சொல்லப்போகும் ட்ரேஸ் வசதி கிடைக்காது.

பெயரைப் பொறுத்தவரை “பொருள், பிறகு செயல்” என்ற வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது: “கூடம் விளக்கு: ஆள் இருந்தால்”, “தொட்டி மோட்டார்: நீர் குறைந்தால்”. அகரவரிசையில் அடுக்கும்போது ஒரே பொருளைத் தொடுபவை அருகருகே வந்து நிற்கும்; இரண்டு வந்து நின்றால் முதல் விதி மீறப்பட்டிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். விளக்கம் எழுதும் பெட்டியில் அந்த ஆட்டோமேஷன் என்ன செய்கிறது என்று எழுதாதீர்கள், அதை உள்ளே பார்த்தே அறியலாம். ஏன் அப்படிச் செய்கிறது என்று எழுதுங்கள். “20 நிமிடம், ஏனெனில் அதற்குமேல் ஓடினால் சம்ப் வற்றும்” என்ற ஒரு வரி இருந்திருந்தால் பிற்பாடு அந்த எண்ணை நான் 35 ஆக்கியிருக்க மாட்டேன்.

பொருள்கள் பழுதாகும், மாறும். ஆட்டோமேஷனில் பொருளைத் தேர்ந்தெடுத்து எழுதினால் அது டிவைஸ் ஐடியைப் பிடித்துக்கொள்ளும். அது மனிதர் படிக்க முடியாத நீண்ட எழுத்துச் சரம், புதிய பொருள் வாங்கினால் புதிய சரம். மாறாக என்டிட்டியின், அதாவது பொருளின் ஒரு நிலையையோ செயலையோ குறிக்கும் பதிவின், பெயரால் எழுதினால், பழுதான பிளக்கை எடுத்துவிட்டுப் புதியதற்கு அதே என்டிட்டி ஐடியைச் சூட்டினால் போதும், எந்த ஆட்டோமேஷனும் வேறுபாட்டை அறியாது. கைப்பேசி அறிவிப்புக்கும் இதே பாடம். கைப்பேசியை மாற்றினால் அறிவிப்புச் சேவையின் பெயரும் மாறலாம். நான் மாற்றியபோது இருபத்து மூன்று இடங்களில் திருத்த வேண்டியிருந்தது, இரண்டைத் தவறவிட்டேன், அவற்றில் ஒன்று எரிவாயுக் கசிவு எச்சரிக்கை. இப்போது “வீட்டாருக்குச் சொல்” என்று ஒரே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. எல்லோரும் அதையே அழைக்கிறார்கள், எந்தக் கைப்பேசி என்பது அதற்கு மட்டும் தெரியும்.

ஒரே மாதிரியான மூன்று குளியலறைகளுக்கு மூன்று பிரதிகள் வைத்திருந்தால் அவற்றை ஒரு பிளூபிரிண்ட், அதாவது பலமுறை பயன்படும் வார்ப்பு, ஆக்கலாம். 2020 டிசம்பரிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. பிறர் எழுதிய பெரிய பிளூபிரிண்டுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாற்பது தேர்வுகள் உள்ள ஒன்றில் உங்களுக்கு வேண்டியவை நான்காகத்தான் இருக்கும், பிழை வந்தாலோ நாற்பதையும் படிக்க வேண்டும்.

“விளக்கு ஏன் அணைந்தது?” என்ற கேள்விக்கு அரை மணி நேரம் ஆகக் கூடாது என்றால் ட்ரேஸைப் படிக்கப் பழகுங்கள். ஒவ்வோர் ஆட்டோமேஷனின் கடைசி ஐந்து ஓட்டங்களையும் அது படமாக வரைந்து காட்டும். எந்தக் கிளையில் போயிற்று, எந்த நிபந்தனையில் நின்றது, அப்போது ஒவ்வொன்றின் மதிப்பும் என்ன என்பதெல்லாம் அதில் தெரியும். அடிக்கடி ஓடும் ஆட்டோமேஷனுக்கு ஐந்து போதாது, கூட்டிக்கொள்ளலாம். எந்த ஆட்டோமேஷன் என்றே தெரியாதபோது, விளக்கின் பக்கத்தில் உள்ள தொடர்புடையவை என்ற பகுதியில் அதைத் தொடும் எல்லாமே பட்டியலாகக் கிடைக்கும். ஆனால் டெம்ப்ளேட்டுக்குள் எழுதப்பட்டவை பெரும்பாலும் அந்த வலையில் சிக்குவதில்லை. எங்குமே தடயம் இல்லாமல் விளக்கு அணைகிறதென்றால், அந்த விளக்கோடு வந்த செயலியைத் திறந்து பாருங்கள். முதன்முதலில் வாங்கியபோது அதில் வைத்த அட்டவணை, நீங்கள் மறந்துபோன பிறகும் பல்புக்குள்ளேயோ நிறுவனத்தின் சர்வரிலேயோ ஓடிக்கொண்டிருக்கும். என் வீட்டில் ஏழு என்று எண்ணியது உண்மையில் எட்டு.

காப்புப் பிரதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2025 ஜனவரி வெளியீட்டிலிருந்து தானியங்கிக் காப்பு உள்ளேயே இருக்கிறது, குறியாக்கச் சாவியை மட்டும் வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் என்ற மென்பொருளில் கோப்புகளை வைப்பவர்கள், கடவுச்சொற்கள் உள்ள சீக்ரெட்ஸ் கோப்பும் புள்ளியில் தொடங்கும் ஸ்டோரேஜ் கோப்புறையும் பொதுவெளிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் மற்றவர்கள் கையால் சுவிட்சைப் போட்டால் அதற்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதும் ஒழுங்கின் பகுதிதான். ஹோம் அசிஸ்டன்டில் ஒவ்வொரு மாற்றத்தோடும் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு சேர்ந்தே வருகிறது: திரையில் தொட்டால் பயனரின் அடையாளம் இருக்கும், ஆட்டோமேஷன் செய்திருந்தால் அதன் மூலத்தைக் காட்டும் அடையாளம் இருக்கும், சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டினால் இரண்டும் வெறுமையாக இருக்கும். இதைக் கொண்டு, அம்மா கையால் விளக்கைப் போட்டால் இரண்டு மணி நேரம் கூடத்து ஆட்டோமேஷன் ஒதுங்கி நிற்கும்படி ஒரு டைமர் வைத்திருக்கிறேன். மின்பெட்டிக்கு உள்பக்கம் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறது: நான் ஊரில் இல்லாதபோது எல்லாம் குழம்பினால் எந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவது, அதன்பின் மோட்டாரைக் கையால் எப்படிப் போடுவது என்று ஐந்து வரிகள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், ஆட்டோமேஷன் பட்டியலைக் கடைசியாக ஓடிய நாளின்படி அடுக்குங்கள். ஆறு மாதமாக ஓடாதவற்றை அழிக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள். புகைக்கும் எரிவாயுவுக்கும் நீர்க்கசிவுக்கும் ஆனவை ஓடாமல் இருப்பதே நல்லது என்பதால் அவற்றை விட்டுவிடுங்கள். ஒரு மாதம் யாரும் கேட்காவிட்டால் பிறகு அழிக்கலாம். என் 112-ல் இருபத்தேழு இப்படியே போயின. அடுத்து, இருட்டு, வீட்டில் ஆள், உறக்கம் ஆகிய உணரிகளைச் செய்து இரண்டு வாரம் சும்மா ஓடவிட்டு, அவை சொல்வதும் நடப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று வரலாற்றுப் படத்தில் பாருங்கள். அதன்பின் அதிகப் புகார் வரும் பொருள் ஒன்றை மட்டும் எடுத்து, அதைத் தொடும் எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். வாரத்துக்கு ஒரு பொருளுக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் நான்கை மாற்றினால், புதிதாக வரும் பிழை எதனால் என்று மறுபடியும் தேடிக்கொண்டிருப்பீர்கள். என் வீட்டில் இது முடிய ஐந்து மாதம் ஆயிற்று. இப்போது இருப்பவை 41. மோட்டாரைத் தொடும் மாற்றத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், மாடியில் தொட்டிக்கு அருகே ஒருவரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.